தண்ணீர் மாற்றிய மறுநாள் சாகும் இறால்: ஒரு மடிப்பாக்கத்துத் தொட்டியின் அடித்தளக் கதை

தண்ணீர் மாற்றிய மறுநாள் இறால் சாகிறது. மற்ற நாளெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மடிப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் அக்கா சொன்ன புகார் இவ்வளவுதான். இறால் வளர்ப்பவர்கள் பலரும் சொல்லும் புகார்தான் இது. ஆனால் இந்தத் தொட்டியில் காரணத்தைத் தடயம் தடயமாகப் பிடிக்க முடிந்தது. அந்தக் காரணம் தண்ணீரில் பாதி, தொட்டியின் அடியில் பாதி இருந்தது. அதனால்தான் முழுதாக எழுதி வைக்கிறேன்.

தொட்டி 2 அடி நீளம்: 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம். கல், மண், மேல் இடைவெளி போகச் சுமார் 45 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், மரத்துண்டில் கட்டிய ஜாவா பாசி, இரண்டு அனுபியாஸ் செடி. இறால்கள் சிவப்புச் செர்ரி, அதாவது நியோகாரிடினா வகை. அடியில் வெளிநாட்டு ஆக்டிவ் சாயில், ஏறக்குறைய இரண்டு அங்குல உயரத்துக்கு. கடைக்காரர் "ஷ்ரிம்ப்னா இந்த சாயில்தான் போடணும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். தண்ணீர் அடுக்ககத்தின் போர் தண்ணீர். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதுசாக ஊற்றுவது அக்காவின் வழக்கம். மீன் தொட்டிக்கு இது ஒழுங்கான பராமரிப்பு. அவர் எதையும் அசட்டையாகச் செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

செத்த இறாலை வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்தோம். தலை ஓடும் வால் பகுதியும் சேரும் இடத்தில், உடம்பைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம். தோலுரிக்கும்போது மாட்டிக்கொண்ட இறாலின் அடையாளம் அது. இறால் வளர வேண்டும் என்றால் பழைய ஓட்டைக் கழற்ற வேண்டும். குஞ்சுகள் சில நாட்களுக்கு ஒருமுறையும், வளர்ந்தவை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் கழற்றும். சாதாரணமாக முதுகுப்பக்கம் ஓடு விலகி, ஒரே உதறலில் இறால் வெளியே வந்துவிடும். சுற்றியுள்ள தண்ணீரின் உப்பும் கடினத்தன்மையும் திடீரென்று மாறினால், இன்னும் தயாராகாத இறாலும் ஓட்டைக் கழற்றத் தொடங்கிவிடும். ஓடு சுற்றிலும் வெடித்து, பாதியில் நின்று, இறால் சாகும். வெள்ளை வளையத்துக்குத் தீனிக் குறை போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மறுநாள் கணக்கு தவறாமல் வந்ததால் தண்ணீரை அளந்து பார்ப்பதுதான் முதல் வேலை என்று முடிவு செய்தோம்.

போர் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, 900-ஐ ஒட்டி இருந்தது. ஜி.எச். எனப்படும் மொத்தக் கடினம் 28 டிகிரி. கே.எச். எனப்படும் கார்பனேட் கடினம் 14. ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 17.9 மி.கி. சுண்ணாம்புக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 28 டிகிரி என்பது 500 மி.கி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) கடினத்துக்கு வைத்திருக்கும் ஏற்கத்தக்க அளவு 200, வேறு வழி இல்லாதபோது அனுமதிக்கும் உச்சம் 600. சென்னைப் புறநகர் போர் தண்ணீருக்கு இது அதிசயமான கணக்கு இல்லை. கெட்டிலில் வெள்ளையாகப் படியும் வீடுகளில் எல்லாம் இதே நிலைதான்.

தொட்டிக்குள் அளந்தபோதுதான் ஆச்சரியம். அதே போர் தண்ணீரை வாராவாரம் ஊற்றியும், கே.எச். வெறும் 2. ஜி.எச். 9. பி.எச். 6.8. 14 டிகிரியாகப் போனது 2 டிகிரியாக நிற்கிறது என்றால், நடுவில் யாரோ அதைத் தின்கிறார்கள்.

தின்றது சாயில். ஆக்டிவ் சாயில் என்பது களிமண் சார்ந்த மண்ணை மட்கிய பொருட்களோடு உருண்டையாக்கிச் சுட்டது. அதன் பரப்பில் ஹைட்ரஜன் அயனிகள் பிடித்து வைக்கப்பட்டிருக்கும். தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் வந்தால் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடும். அந்த ஹைட்ரஜன் தண்ணீரில் உள்ள பைகார்பனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாறிவிடும். கே.எச். இறங்கும், பி.எச். இறங்கும், ஜி.எச்.சும் கொஞ்சம் இறங்கும். சாயிலை வாங்குவதே இதற்குத்தான். ஆனால் பரப்பில் உள்ள இடம் அளவானது. நிறைந்துவிட்டால் வேலை முடிந்தது.

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. தொட்டியின் மூலையிலிருந்து ஒரு பிடி சாயிலை எடுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, போர் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு வைத்தோம். மறுநாள் 5 மி.லி. எடுத்து கே.எச். சொட்டு மருந்தை விட்டோம். முதல் சொட்டிலேயே தண்ணீர் நீலமாகும். சொட்டு சொட்டாக எண்ணிக்கொண்டே வர, எந்தச் சொட்டில் மஞ்சளாகத் திரும்புகிறதோ அதுதான் டிகிரி. வெறும் போர் தண்ணீர் பதினான்காவது சொட்டில் திரும்பியது. சாயில் ஊறிய தண்ணீர் ஒன்பதிலேயே மஞ்சளாகிவிட்டது. சாயில் இன்னும் உயிரோடுதான் இருந்தது, அதுதான் பிரச்சினையே.

இப்போது தண்ணீர் மாற்றும் நாளை யோசித்துப் பாருங்கள். தொட்டியில் கே.எச். 2, ஜி.எச். 9. மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு கே.எச். 14-ம் ஜி.எச். 28-ம் உள்ள தண்ணீரை ஊற்றினால், பத்தே நிமிடத்தில் கே.எச். 6, ஜி.எச். 15-க்கு மேல். பி.எச். ஏழரைக்குப் போகும். அடுத்த இரண்டு மூன்று நாளில் சாயில் எல்லாவற்றையும் பழையபடி கீழே இழுத்துவிடும். மறுவாரம் மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். செர்ரி இறால் ஓரளவு கடினமான தண்ணீரிலும் வாழும், மென்மையான தண்ணீரிலும் வாழும். வாரம் ஒருமுறை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தூக்கிப் போட்டால் தாங்காது. தோலுரிக்கும் கட்டத்தில் இருந்தது எதுவோ அது மாட்டியது. அக்கா தண்ணீர் மாற்றாமல் விட்ட வாரங்களில் சாவு இல்லை என்பதும் இதோடு பொருந்துகிறது.

இந்த வகைச் சாயில் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த பழக்கம். தகாஷி அமானோ தொடங்கிய ஏ.டி.ஏ. நிறுவனம் செடித் தொட்டிக்கான மண்ணை உலகம் முழுக்கப் பரப்பியது. சிவப்பு வெள்ளைப் பட்டையுள்ள கிரிஸ்டல் ரெட் இறாலும் 1990களில் அந்த நாட்டிலேயே உருவாக்கப்பட்டது. ஜப்பானின் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது. அங்கே சாயிலுக்கு இறக்க வேண்டிய கே.எச். கொஞ்சம்தான். நம் போர் தண்ணீரில் அதே மூட்டை இடைவிடாமல் சுண்ணாம்போடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. மண்ணில் குறையில்லை. அது எந்தத் தண்ணீருக்காகச் செய்யப்பட்டதோ அந்தத் தண்ணீர் இங்கே இல்லை.

சரி, என்ன செய்வது? சாயிலை வைத்துக்கொண்டு ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறலாம். ஆனால் ஏற்கெனவே பாதிக்கு மேல் சுண்ணாம்பு பிடித்த சாயில் எவ்வளவு காலம் நிற்கும் என்று சொல்ல முடியாது. தவிர, செர்ரி இறாலுக்கு அமிலத் தண்ணீர் தேவையே இல்லை. பி.எச். 7 முதல் 7.8 வரை, ஜி.எச். 5 முதல் 10, கே.எச். 2 முதல் 6 என்று நிலையாக இருந்தால் போதும். அக்கா இடையில் கேட்டார்: "பையன் அந்தப் பட்டை போட்ட இறாலைத்தான் கேட்கிறான் தம்பி. அதுக்காகவாவது சாயிலை வெச்சுக்கலாமா?"

"அது 20லிருந்து 24 டிகிரி தண்ணீர் கேட்கும் அக்கா. மே மாசம் உங்க தொட்டி 31 டிகிரிக்குப் போகும். தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் வாங்கறதா இருந்தா பார்க்கலாம்," என்றேன். ஃபேன் வைத்தால் தண்ணீர் ஆவியாகி ஒன்றிரண்டு டிகிரி குறையும். சென்னையின் ஈரக்காற்றில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. செர்ரியே இருக்கட்டும், அடித்தளத்தை மாற்றுவோம் என்று முடிவானது. தண்ணீரோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத மணல்தான் வேண்டும்.

எந்த மணல் என்பதில்தான் அதிக நேரம் போனது. போக வேண்டிய இடமும் அதுதான். மீன் கடையில் விற்கும் கறுப்பு வண்ணக் கல், யாரோ வீடு கட்டி மிச்சம் வைத்த ஆற்று மணல், எம்-சாண்ட், வாட்டர் ஃபில்டர் போடுபவர்கள் பயன்படுத்தும் சலித்த மணல் ஆகிய நான்கையும் கொண்டுவந்தோம். கடற்கரை மணலை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிட்டேன். உப்பைக் கழுவிவிடலாம், சிப்பித் துகளைக் கழுவ முடியாது.

ஒரே அளவு பாட்டில்களில் பாதி மணல், பாதி ஆர்.ஓ. தண்ணீர். கூடவே மணலே இல்லாமல் வெறும் ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஒரு பாட்டில். இந்த வெறும் பாட்டில் முக்கியம்; அது இல்லாமல் டி.டி.எஸ். ஏறியது மணலாலா மூடியாலா என்று தெரியாது. ஒரு வாரம் தினமும் குலுக்கி வைத்து, அப்புறம் டி.டி.எஸ்., கே.எச். இரண்டையும் அளந்தோம். டி.டி.எஸ். மீட்டர் ஏதோ கரைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். கரைந்தது சுண்ணாம்பா என்று சொல்வது கே.எச். சொட்டுதான்.

வண்ணக் கல்லில் டி.டி.எஸ். பெரிதாக ஏறவில்லை. ஆனால் ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்தபோது கறுப்பு ஒட்டியது. சாயம் என்னவென்று தெரியாத ஒன்றை இறால் நாள் முழுக்க வாயால் சுரண்டும் இடத்தில் போட எனக்கு மனசு வரவில்லை. தவிர அந்தக் கல் ஒவ்வொன்றும் 5 மி.மீ.க்கு மேல். இடுக்கில் விழும் தீனி இறாலின் கைக்கு எட்டாது. அங்கே அழுகி பிளனேரியாப் புழு, ஹைட்ரா என்று வரும்.

ஆற்று மணல் பார்க்க அருமை. ஆனால் அந்தப் பாட்டிலில் கே.எச். ஏறியிருந்தது. மணலைத் தட்டில் பரப்பிப் பார்த்தால் சின்னச் சின்ன மட்டி ஓட்டுத் துண்டும், வெளுத்த சுண்ணாம்புக் கட்டியும். எலுமிச்சைச் சாறு விட்டபோது கட்டிகள் மட்டும் மெல்ல நுரைத்தன. எலுமிச்சையும் வினிகரும் பலவீனமான அமிலங்கள். நுரை வந்தால் சுண்ணாம்பு உறுதி, வராவிட்டால் இல்லை என்று அர்த்தம் கிடையாது. பாத்ரூம் ஆசிட் தெளிவாகக் காட்டும். ஆனால் அதை வெளியில், கையுறையோடு, ஒரு கரண்டி மணலில் மட்டும் செய்து, அந்த மணலைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். எல்லா ஆற்று மணலும் இப்படி இருக்காது. செர்ரிக்குக் கொஞ்சம் சுண்ணாம்பு கெடுதலும் இல்லை. ஆனால் கணிக்க முடியாத ஒன்றை அகற்றிவிட்டு, எவ்வளவு கரையும் என்று கணிக்க முடியாத இன்னொன்றைப் போடுவதில் பொருளில்லை.

எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்து வருவது. சென்னைக்குப் பக்கத்துப் பாறை பெரும்பாலும் சார்னோகைட். பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்கே உலகப் புவியியலில் அந்தப் பெயர்; கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறை என்பதால் வந்தது. சிலிக்கேட் பாறை, தண்ணீரை ஒன்றும் செய்யாது, பாட்டிலிலும் கே.எச். அசையவில்லை. ஆனால் குலுக்கினால் கல் பொடி மணிக்கணக்கில் மேகமாக நின்றது. பொடியை முழுசாகக் கழுவி எடுத்தால் பயன்படுத்தலாம் என்றுதான் நினைக்கிறேன். சிமெண்ட் கலக்கும் இடத்துக் குவியலிலிருந்து மட்டும் எடுக்கக் கூடாது.

ஃபில்டர் மணல் பாட்டில் வெறும் பாட்டிலோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. 16/30 என்று சலித்தது. ஒவ்வொரு மணியும் 0.6 முதல் 1.2 மி.மீ. வரை. தீனி மேலேயே நிற்கும், தண்ணீர் இடையில் கசிந்து போகவும் முடியும். நிறம் வெளிர் பழுப்பு. கறுப்புத் தரையில் செர்ரி அடர்ந்த சிவப்பாகவும், வெளிர் தரையில் கொஞ்சம் வெளுத்தும் தெரியும் என்பது உண்மை. அதற்காக மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன், அக்காவும் ஒத்துக்கொண்டார். முன்பக்கத்தில் மட்டும் கழுவிய கருங்கல் சில்லு கொஞ்சம் தூவினோம்.

60-க்கு 30 தொட்டியில் 3 செ.மீ. உயரம் என்றால் 5.4 லிட்டர் மணல், எடையில் எட்டரை கிலோ. 3 செ.மீ.க்கு மேல் வேண்டாம் என்றதற்குக் காரணம் உண்டு. மெல்லிய மணலை ஐந்தாறு செ.மீ. உயரத்துக்குப் போட்டால் அடியில் ஆக்சிஜன் போகாமல் கறுத்து, அழுகிய முட்டை வாடை வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு உருவாகலாம். அனுபியாஸும் பாசியும் கட்டையிலேயே வேர் பிடிப்பவை, அவற்றுக்கு ஆழமான மண் தேவையில்லை.

அரிசி களைவது மாதிரிதான் மணல் கழுவுவது: கால் பக்கெட் மணல் போட்டு, தண்ணீர் வேகமாக விட்டு, கையால் அடிவரை கிளறி, கலங்கலை மட்டும் சாய்த்துக் கொட்ட வேண்டும். முழு மணலையும் ஒரே பக்கெட்டில் கழுவ முயன்றால் அடியில் இருப்பது சுத்தமாகவே ஆகாது. கிளறி நிறுத்திய ஐந்து விநாடியில் பக்கெட்டின் அடி தெரிந்தால் போதும். சோப்பு, பினாயில் வாடை படிந்த பக்கெட் கூடாது. கடைசியில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி வைத்து, வடித்து, மொட்டை மாடியில் தார்ப்பாய் மேல் பரப்பி நன்றாகக் காய வைத்தோம். கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில்.

மணலை மட்டும் மாற்றினால் வேலை பாதிதான் முடியும். தண்ணீரும் நிலையாக வேண்டும். ஒரு பங்கு போர் தண்ணீர், நான்கு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் என்று கலந்தோம். போரின் 900-ம் ஆர்.ஓ.வின் 30-ம் கலந்தால் டி.டி.எஸ். 200-ஐ ஒட்டி வரும், ஜி.எச். ஐந்தரைக்கு மேல், கே.எச். 3-க்குக் கொஞ்சம் கீழே. இந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கடலை ஒட்டிய பகுதிகளிலும், கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருக்கும் மீஞ்சூர் பக்கமும் டி.டி.எஸ்.ஸில் பெரும் பங்கு சமையல் உப்பாக இருக்கலாம். அங்கே ஜி.எச். சொட்டு போட்டுப் பார்த்துத்தான் கலக்க வேண்டும். லாரித் தண்ணீர் வரும் மாதங்களில் கணக்கு மொத்தமாக மாறும். லாரித் தண்ணீரிலும் மெட்ரோ தண்ணீரிலும் குளோரின் இருக்கும், அதை முறிக்காமல் ஊற்றவே கூடாது.

பழைய சாயிலை எடுக்கும்போது, கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவின் பெரும் பங்கும் அதோடு போய்விடும். அதனால் இறால்களை, கழுவாத பழைய ஸ்பாஞ்ச், பாசி எல்லாவற்றோடும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றினோம். பழைய தண்ணீரிலேயே தொடங்கி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலவைத் தண்ணீருக்குக் கொண்டுவந்தோம். காலித் தொட்டியில் மணலைப் பரப்பி, அதன் மேல் தட்டு வைத்து, தட்டின் மேல் தண்ணீர் விழும்படி ஊற்றினோம். புது ஸ்பாஞ்ச் ஒன்று போட்டு, பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்த அழுக்குத் தண்ணீரை அதில் விட்டு, சிட்டிகை தீனி போட்டு ஓடவிட்டோம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் முதலில் ஏறி, பிறகு இரண்டும் பூஜ்யத்துக்கு வந்து நிற்கும் வரை இறாலை விடவில்லை. சுமார் ஒரு மாதம். இந்த இடைவெளியில் மணல் மேல் பழுப்பாக ஒரு படலம் வந்தது. டயட்டம் பாசி அது. துடைக்க வேண்டாம், இறாலுக்கு அதுதான் முதல் விருந்து. வாடிக் காய்ந்த நாட்டு வாதுமை இலை இரண்டும் போட்டோம்.

இறாலை மாற்றிய நாளில் ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, விநாடிக்கு ஒன்றிரண்டு சொட்டாகப் புதுத் தொட்டித் தண்ணீரைப் பாத்திரத்தில் விட்டோம். மெதுவாக, இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

அதன் பிறகு வாரம் பத்து சதவீதம் மட்டும், கலவைத் தண்ணீரால் மாற்றுகிறார். ஆவியாகிக் குறைவதை வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புகிறார், தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே இருக்கும் என்பதால். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்தால் கே.எச். ஒரே சொட்டில் நிற்கிறது. தண்ணீர் மாற்றிய மறுநாள் கிடைப்பது இப்போது உரித்துப் போட்ட முழுச் சட்டைகள்தான், கண்ணாடி மாதிரி, மீசை உட்பட. பெண் இறால்கள் வாலடியில் முட்டை சுமந்தன. மூன்று நான்கு வாரத்தில் 2 மி.மீ. அளவுக் குஞ்சுகள் மணல் மேல் மேயத் தொடங்கின. செர்ரிக்குப் புழுப் பருவம் கிடையாது; முட்டையிலிருந்து வரும்போதே குட்டி இறால்தான். கரடுமுரடான கல்லாக இருந்திருந்தால் இதில் பாதியைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது.

இழப்பும் உண்டு. மணல் மேல் கழிவு பளிச்சென்று தெரிகிறது. ஏர் டியூபால் மேலாக உறிஞ்சி எடுக்க வேண்டியிருக்கிறது. நிறம் சாயில் காலத்தைவிடக் கொஞ்சம் மங்கல். வேர் வழியே சத்து எடுக்கும் செடிகளை இதில் நட முடியாது. எடுத்த சாயில் மாடியில் துளசித் தொட்டிக்குப் போனது, வீணாகவில்லை.

இதைப் படித்துவிட்டுச் சாயிலே கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் கே.எச். மிகவும் குறைவு, அங்கே இதே சாயில் இவ்வளவு பாடுபடாது. குளிரூட்டிய அறையிலோ சில்லரோடோ கிரிஸ்டல் ரெட் போன்ற காரிடினா வகை வளர்ப்பவருக்குச் சாயில்தான் சரி. ஆனால் ஆர்.ஓ. தண்ணீரில், கே.எச். ஏற்றாமல் ஜி.எச். மட்டும் ஏற்றும் தாது உப்புப் போட்டு, டி.டி.எஸ். 100 முதல் 150 வரை வைக்க வேண்டும். சாயிலைக் கழுவக் கூடாது, உருண்டை உடைந்து சேறாகும். முதல் சில வாரம் அது அம்மோனியாவை விடும். நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்து, சொட்டுச் சோதனையில் பூஜ்யம் கண்ட பிறகே இறால். பவளக் கல், சிப்பி, சுண்ணாம்புக் கல் எதையும் அதே தொட்டியில் வைக்கக் கூடாது. ஒன்று ஏற்றும், மற்றது இறக்கும். நல்ல ஆர்.ஓ. தண்ணீரில் சாயில் ஒரு வருடம், ஒன்றரை வருடம் தாங்கும். மாதம் ஒருமுறை பி.எச். எழுதி வையுங்கள். ஆறில் நின்றது மெல்ல ஏறி ஏழைத் தொட ஆரம்பித்தால் சாயில் நிறைந்துவிட்டது. அடுத்த மூட்டையை வேறொரு தொட்டியில் ஊறப்போடும் நேரம் அது.